படப் புத்தகத்துக்கு முன்னால் வாயை மூடுவது

அன்புள்ள அரவிந்த்,

அடுத்த அறையில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதும் அப்பன் சிங்கப்பூரின் இந்த பூன் லே வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "நேர்ல போய்ச் சொல்லுங்களேன், அவன் என்ன அமெரிக்காவுலயா இருக்கான்?" என்கிறாள். நேரில் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எங்கோ ஆரம்பித்து எங்கோ போவேன். நீ "சரிப்பா" என்பாய். அதைக் காதில் வாங்காமல் நான் இன்னும் பேசுவேன். நீ கைப்பேசியைப் பார்ப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்த விஷயம் அப்படியே கிடக்கும். இந்த ஒரு விஷயம் அப்படிக் கிடக்கக் கூடாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை லாரி வந்துவிடும். பொங்கோலில் உன் புது வீட்டில் தரை போட்டு, அலமாரி அடித்து, பால் காய்ச்சி எல்லாம் ஆயிற்று. பால் பொங்கியபோது நான் பெருமையில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் என்பது சம்பந்தியின் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. மகன் சொந்த வீட்டுக்குப் போவதில் எந்த அப்பனுக்கும் வருத்தம் இருக்கக் கூடாது. எனக்கு இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். இங்கிருந்து அங்கே வருவதென்றால் தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. வாரம் ஒருமுறை வரலாம், தினமும் வர முடியாது. அதனால்தான் நேற்றுக் காலை சமையலறையில் நீ சொன்னது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். "அங்க போனா கயல் திரும்பவும் பேசாம ஆயிடுவாளோன்னு பயமா இருக்குப்பா. நீங்கதான் புக் காட்டிக் காட்டி அவளப் பேச வச்சீங்க. எனக்கு உங்கள மாதிரி பேச வராது." உன் வாயிலிருந்து இவ்வளவு நீளமான பேச்சைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட நீ நினைத்திருப்பாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மகளை நான் பேச வைக்கவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். கயலுக்கு இரண்டு வயது முடிந்தும் வாயில் வந்தது அம்மா, பால், வேணாம், இந்த மூன்றோடு நின்றது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வைத்தியம் தெரிந்திருந்தது. ஒருவர் தேன் தடவச் சொன்னார். இன்னொருவர், "ரெண்டு பாஷை பேசி புள்ளையக் குழப்புறீங்க, இங்கிலீஷ் மட்டும் பேசுங்க லா" என்றார். மருமகள் சரண்யா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குத் தெரியும். இந்தச் சுவர்களில் ஒன்றும் மறையாது. நீ அழவில்லை. ராத்திரி வேலை முடிந்து வந்து, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாய். வீட்டில் இனி ஆங்கிலம்தான் என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தபோது நான் குதித்தேன். குதித்தேனே தவிர, எனக்கும் பயம்தான்.

சரண்யாதான் உறுதியாக நின்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் பதிவு செய்தாள். "பேச்சு வர ஆஸ்பத்திரியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே நானும் போனேன். நீ வேலையில் இருந்தாய். காது நன்றாகக் கேட்கிறது என்று ஏற்கெனவே பார்த்துச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி கொடுத்த சீனப் பெண்ணுக்கு உன்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். தரையில் உட்கார்ந்து கயலின் கையில் ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். கயல் பூனைப் படத்தைப் பார்த்தாள், அந்தப் பெண்ணும் பூனையைப் பார்த்தாள். கயல் அவள் முகத்தைப் பார்த்தாள், அவளும் சிரித்தாள். இப்படியே போய்க்கொண்டிருந்தது. என்னால் சும்மா உட்கார முடியவில்லை. "கயல், அது என்ன? ஆன்ட்டிக்குச் சொல்லு! பூனை! பூனைன்னு சொல்லு!" என்று மூலையிலிருந்து குரல் கொடுத்தேன். குழந்தை புத்தகத்தை மூடிவிட்டாள். அந்தப் பெண் கோபப்படவில்லை. "அங்கிள், கொஞ்சம் வெயிட் பண்ணலாமா? அவ இன்னும் பாத்துக்கிட்டிருக்கா" என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். எனக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. பிறகு எந்த மொழியில் பேசுவது என்று சரண்யா கேட்டதற்கு, உங்களுக்கு எது இயல்பாக வருகிறதோ அதில் பேசுங்கள், இரண்டு மொழியால் பேச்சு தாமதமாவதில்லை என்றாள். அதைக் கேட்டதும் கொஞ்சம் சமாதானமானேன். பேருந்தில் வரும்போது சரண்யாவிடம், "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று ஆரம்பித்துவிட்டேன். "மாமா, வெயிட் பண்ணச் சொன்னாங்களே, அத மட்டும் மறந்துட்டீங்க" என்றாள் உன் மனைவி. வாயாடிக்கு வாய்த்த மருமகள்.

ஆனாலும் எனக்கு அது விளங்கவில்லை. என் தொழில் அப்படி. சிராங்கூன் சாலையில் சேலைக் கடை முதலாளி என்னை வேலைக்குச் சேர்த்த அன்றே சொன்னார், "கை விரிச்சுக்கிட்டே இருக்கணும், வாய் பேசிக்கிட்டே இருக்கணும். சத்தம் நின்னா கஸ்டமர் எந்திரிச்சிடுவாங்க." வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தேன். நீலம் பிடிக்கவில்லை என்று முகம் சொல்வதற்குள் பச்சையை விரித்திருப்பேன், பச்சையைப் பார்த்து முடிப்பதற்குள் மாம்பழ மஞ்சள். தீபாவளிக் கூட்டத்தில் என் குரல் வாசல் வரை கேட்கும். கயலுக்கும் அப்படித்தான் புத்தகம் காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு, "இங்க பாரு யானை, யானைக்கு எத்தன காது, இங்க பாரு பலூன், என்ன கலரு, சிவப்பு சொல்லு, சிவப்பு, சரி இத விடு, இங்க பாரு" என்று புரட்டித் தள்ளுவேன். படத்தின் மேல் அவள் சின்ன விரல் வைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் புரட்டுவேன். பாவம், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நழுவி இறங்கி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். எல்லாம் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கிற ஆசையில்தான். கற்றுக்கொடுக்கிறேன் என்று அவளிடம் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சரண்யா நூலகத்திலிருந்து அந்தச் சந்தைப் புத்தகத்தை எடுத்துவந்தாள். உனக்கே தெரியும், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. "எழுதுறவர் லீவுல போயிட்டாரா?" என்று கேட்டேன். "அதுதான் மாமா விஷயமே. நாமளா பாக்கணும்" என்றாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மீன் கடை, காய்கறிக் கடை, கோழிக் கடை, பூக்கடை, காப்பிக் கடை. பக்கத்துக்குப் பக்கம் நான் விலை உள்பட விளக்கிக்கொண்டு போனேன். ஒரு வாரம் கழித்து, காய்கறிக் கடைப் பக்கத்தில் கயல் மூலையில் விரல் வைத்தாள். "கூடை" என்றேன். தலையை ஆட்டினாள், இல்லையாம். "சாக்கு" என்றேன். அதுவும் இல்லை. விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். கடையில் ஒரு பெண்மணி ஒரு சேலையின் மேல் கை வைத்துவிட்டால், எப்பேர்ப்பட்ட பேச்சுக்காரனும் அந்தச் சேலையைப் பிடுங்க மாட்டான். அந்தப் புத்தி எனக்கு அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்தது. பேசாமல் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். சாக்குக்குப் பின்னால் ஒரு நண்டு.

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். மீன்காரரின் தொட்டியிலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. கோழிக் கடையில் கூண்டுக்குக் கீழே. பூக்கடையில் வாளிகளுக்கு நடுவே. எல்லாப் பக்கத்திலும் இருந்தது. கடைசியில் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு வாரமாக அந்தப் புத்தகத்தை அவளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன், அதில் கதை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. பேச்சு வராத குழந்தை அதை எப்போதோ படித்து முடித்திருக்கிறாள். நான் சிரித்த சிரிப்பில் உன் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க பேசினா அந்த நண்டே ஓடித்தான் போகும். வாயில ஒரு மடக்குத் தண்ணிய வச்சுக்கிட்டு உக்காருங்க" என்றாள். கேலிக்குத்தான் சொன்னாள். நான் உண்மையாகவே செய்தேன். பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் வாயில், கயல் போதும் என்று புரட்டும் வரை விழுங்குவதில்லை. இரண்டு முறை சிரித்துச் சட்டையெல்லாம் நனைந்தது. அவளுக்கு அது பெரிய வேடிக்கை. ஆனால் அந்த அமைதியில்தான் அவள் முதலில் "நண்" என்றாள். அப்புறம் நண்டு. அப்புறம் மீன், பூ, படத்தில் காய்கறி விற்பவளைக் காட்டி ஆன்ட்டி. அவள் வாய் திறந்த பிறகு தண்ணீரை விழுங்கிவிட்டு, அவள் காட்டியதை மட்டும் நான் ஒரு வார்த்தையில் சொல்வேன், சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். உன் அம்மா நம் மாடியில் இருக்கும் வீடுகளிலெல்லாம் சொல்லிவிட்டாள், தாத்தாதான் பேச வைத்தார் என்று. நானும் மறுக்கவில்லை. நீயும் நம்பிவிட்டாய்.

ஆனால் அவள் என்னிடம் பேசியதெல்லாம் ஒற்றை வார்த்தைகள். இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஒருநாள், நீ ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்திருந்தாய். கயல் அந்தப் புத்தகத்தை இழுத்துவந்து உன் நெஞ்சின் மேல் திறந்து வைத்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு சமையலறை வாசலில் நின்றேன். நீ ஒரு கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தாய். "ம்ம்" என்றாய். கையை அவள் முதுகில் வைத்தாய். அதற்கு மேல் ஒன்றுமில்லை. புரட்டவில்லை, கேட்கவில்லை, இது என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. கயல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு அவளே பக்கத்தைப் புரட்டி, "நண்டு ஒளிஞ்சிருக்கு" என்றாள். "ம்ம்" என்றாய். "ஆன்ட்டி பாக்கல." மறுபடி "ம்ம்." இப்படியே பூக்கடை, காப்பிக் கடை எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்து, "நண்டு வீட்டுக்குப் போச்சு. அம்மாகிட்ட" என்றாள். அதில் அம்மா நண்டு எதுவும் வரையப்படவில்லை. அவளே சேர்த்துக்கொண்டாள். நீ அதற்குள் நன்றாகத் தூங்கிப்போயிருந்தாய். முழு வாக்கியமாக அவள் பேசியது முதன்முதலில் உன்னிடம்தான் அரவிந்த், உன்னிடம் மட்டும்தான். நான் கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்து நின்றேன். கண் கலங்கியது. பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டு நான் கஷ்டப்பட்டுச் செய்ததை நீ அரைத்தூக்கத்தில் செய்தாய்.

அன்றிலிருந்து உன்னைப் பற்றி நிறைய யோசித்தேன். உன் பேசாத குணத்தைத் திருத்த வேண்டிய ஒன்றாகவே நான் நினைத்து வந்தேன். பள்ளியில் ஆசிரியர் உன்னிடம் கேள்வி கேட்டால் பதில் நான் சொல்வேன். டாக்டர் உன்னிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் இடத்தையும் நானே காட்டுவேன். "புள்ளைக்கும் வாய் இருக்கு, நீங்க விட்டாத்தானே" என்று உன் அம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! உன் கல்யாண விருந்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள், நீ "எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். எனக்கு மானமே போய்விட்டது என்று மைக்கைப் பிடுங்கி, பந்தி ஆறிப்போகும் வரை பேசினேன். இப்போது நினைத்தால் நீ சொன்னதைத் தவிர அன்றைக்கு வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை என்று தோன்றுகிறது. உனக்குப் பேச வராது என்பது பொய். உனக்குக் காத்திருக்க வரும். அதை நான் இந்த வயதில் வாயில் தண்ணீரை அடக்கிப் பழக வேண்டியிருந்தது.

அதனால் பொங்கோலில் பெரிதாக ஒன்றும் செய்யாதே. புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டாதே, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் தரையோரம் வை. கிழிப்பாள், ஓரத்தைக் கடிப்பாள், நூலகப் புத்தகமாக இருந்தால் அபராதம் கட்டிக்கொள்ளலாம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால் சலித்துக்கொள்ளாதே. நமக்குத்தான் அது அதே புத்தகம், அவளுக்கு ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாகக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனின் மேல் விளையாட்டுக் கட்டையை விட்டெறிந்த அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்று ஞாபகம் இருக்கிறதா? நாம் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது, கோபக்காரக் கரடி வருகிற புத்தகத்தை எடுத்துவந்து, முகம் சிவந்து நிற்கும் பக்கத்தைத் திறந்து, கரடியைக் காட்டித் தன் நெஞ்சையும் காட்டினாள். கோபம் என்ற வார்த்தை அவளிடம் அப்போது இல்லை, படம் இருந்தது. அடுத்த பக்கத்தில் கரடி அழும், அதற்கடுத்த பக்கத்தில் அதன் நண்பன் பக்கத்தில் வந்து உட்காருவான். சரண்யா போய் அப்படியே உட்கார்ந்தாள். குழந்தை அடங்கினாள். நான் நாள் முழுக்கப் புத்தி சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது.

இன்னொன்று. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் என்று நீ தமிழ்ப் புத்தகங்களைத் தொடாமல் இருக்கிறாய், எனக்குத் தெரியும். தடுமாறு, பரவாயில்லை. மூன்று வயதுக் குழந்தை உனக்கு மதிப்பெண் போடப்போவதில்லை. எழுத்து வராத இடத்தில் படத்தைப் பார்த்து உனக்கு வாயில் வருகிற தமிழில் இரண்டு வார்த்தை சொல், போதும். ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்தால் அதையும் பார். அந்தப் பேச்சுப் பயிற்சியை மட்டும் தூரம் என்று விட்டுவிடாதே, அவளுக்கு இன்னும் போக வேண்டிய வழி இருக்கிறது. பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கடகடவென்று பேசும்போது உனக்குப் பயம் வரும், எனக்கும் வரும். அந்தப் பயத்தோடு புத்தகத்தைத் திறக்காதே. நம் பயம் குழந்தைக்குத் தெரிந்துவிடும். பயம் தெளியும் வரை பூங்காவில் நடந்துவிட்டு வா, அப்புறம் திற.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கயல் வந்துவிட்டாள். தூங்கி எழுந்த முகம், கையில் நேற்று நூலகத்திலிருந்து வந்த புதுப் புத்தகம், இன்னும் யாரும் திறக்காதது. என் முழங்காலில் அதை வைத்து நிற்கிறாள். எனக்கு ஆசைதான். பேனாவை வைத்துவிட்டு மடியில் ஏற்றிக்கொள்ளத்தான் கை போனது. இன்னும் ஆறு நாள்தானே இருக்கிறது, இந்த ஒரு புத்தகம் எனக்கு இருக்கட்டுமே என்றும் தோன்றியது. "அப்பாகிட்ட கொண்டு போம்மா" என்று சொல்லிவிட்டேன். ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு நடந்தாள். உன் அறைக் கதவு திறந்தது. நீ பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நீ தரையில் உட்காருவது கேட்டது.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பழைய ஆளாக இருந்தால் எழுந்து வந்து, "என்னடா, புள்ளைக்கு ஏதாவது சொல்லேன்" என்று கதவில் நின்றிருப்பேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதோ, அவள் குரல் வருகிறது. நிறுத்தாமல் என்னவோ சொல்லிக்கொண்டே போகிறாள். என்ன சொல்கிறாள் என்று இங்கே எனக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை, உனக்குத்தானே சொல்கிறாள். நீ பதில் சொல்லிவிடாதே அரவிந்த். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

உன் அப்பா